அனிமேஷன் கற்பவர்களுக்கு: இடைநிலைக் கீஃப்ரேம்களை எங்கே, எப்படி வைப்பது

பிளெண்டர் போன்ற ஒரு மென்பொருளில் 1ஆம் ஃபிரேமில் ஒரு கீஃப்ரேமும் (பொருளின் நிலையை நாமே பதிந்துவைக்கும் ஃபிரேம்) 25ஆம் ஃபிரேமில் இன்னொரு கீஃப்ரேமும் வைத்துவிட்டால், இடையிலுள்ள 23 ஃபிரேம்களையும் மென்பொருளே நிரப்பிக்கொள்ளும். அப்படி நிரம்பும் அசைவில் கணக்குப் பிழை ஏதும் இராது. எனினும் ஏதோ ஒன்று குறைவது பார்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். கை நீண்டு குவளையை எடுக்கும், ஆனால் குவளைக்கு எடை இருப்பதாகத் தோன்றாது. தலை இடமிருந்து வலம் திரும்பும், ஆனால் அந்தத் தலைக்குள் ஓர் எண்ணம் ஓடியதாகத் தோன்றாது. மென்பொருளுக்குத் தொடக்க மதிப்பும் முடிவு மதிப்பும் மட்டுமே தெரியும். எந்தப் பாதையில் போக வேண்டும், எந்தப் பகுதியில் விரைய வேண்டும், எங்கே தயங்க வேண்டும் என்பவற்றை நாம் சொன்னாலொழிய அதற்குத் தெரிய வழியில்லை. அவற்றைச் சொல்வதற்கான இடம்தான் இடைநிலைக் கீஃப்ரேம்.

கையால் வரைந்த காலத்து ஸ்டுடியோக்களில் இந்தப் பொறுப்பு பலரிடையே பகிரப்பட்டிருந்தது. தலைமை அனிமேட்டர் முக்கிய நிலைகளை வரைந்து, தாளின் ஓரத்தில் ஒரு சிறு கோட்டையும் அதன்மேல் சில குறிகளையும் போட்டுவைப்பார். இடையில் வரவேண்டிய ஒவ்வொரு படமும் முந்தைய நிலைக்கு எவ்வளவு அருகில், பிந்தைய நிலைக்கு எவ்வளவு அருகில் அமைய வேண்டும் என்பதை அந்தக் குறிகள் சொல்லும். இரண்டு நிலைகளுக்கு நடுவே பாதையைத் தீர்மானிக்கும் முக்கியமான படத்துக்குப் பிரேக்டவுன் என்று பெயர். மீதமுள்ள படங்களை இன்பிட்வீனர் எனப்படும் உதவியாளர்கள் வரைந்து முடிப்பார்கள். 1970களின் தொடக்கத்தில் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் நெஸ்டர் பர்ட்னிக், மார்செலி வெய்ன் ஆகிய இருவரும் உருவாக்கிய முறை, முக்கிய நிலைகளை மட்டும் வாங்கிக்கொண்டு இடைப்படங்களைக் கணினியே கணக்கிடுவதைச் சாத்தியமாக்கியது. இன்றைய மென்பொருள்கள் அனைத்தும் அந்த வழியில் வந்தவையே. இன்பிட்வீனரின் வேலை கணினிக்குப் போய்விட்டது. தாள் ஓரத்தில் குறி போடும் வேலை மட்டும் அனிமேட்டரிடமே இருக்கிறது. கற்கத் தொடங்கும் பலர் இந்த இரண்டாவது வேலை ஒன்று இருப்பதையே அறியாமல், எல்லாவற்றையும் கணினியிடம் விட்டுவிடுகிறார்கள், அல்லது அசைவு சரியாக வராத எரிச்சலில் இரண்டு ஃபிரேமுக்கு ஒரு கீஃப்ரேம் எனக் குவித்துவிடுகிறார்கள். இரண்டுமே ஒரே குறையிலிருந்து பிறப்பவை.

இந்த வழிகாட்டி பிளெண்டரை வைத்து எழுதப்பட்டுள்ளது. இலவசமாகக் கிடைப்பதால் மாணவர்கள் பெரும்பாலும் அதிலேயே தொடங்குகிறார்கள். மாயா முதலிய பிற மென்பொருள்களில் பொத்தான்களின் பெயர்கள் மாறுமே தவிர வேலையின் வரிசை மாறாது.

தொடங்கும் முன் செய்துகொள்ள வேண்டியவை

வெளியீட்டு அமைப்பில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம் என்று இருக்கிறதா எனப் பாருங்கள். இந்தியத் தொலைக்காட்சிக்கான வேலையாக இருந்தால் 25 என்று மாற்ற வேண்டும். எப்படியாயினும் முதல் கீஃப்ரேமை வைப்பதற்கு முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டும், ஏனெனில் பின்னால் மாற்றினால் நீங்கள் கவனமாக அமைத்த வேகம் முழுவதும் மாறிப்போகும்.

அடுத்து, டைம்லைனின் பிளேபேக் அமைப்பில் ஃபிரேம் டிராப்பிங் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு ஃபிரேமையும் தவறாமல் காட்டும் அமைப்பில், கணினி திணறும்போது அசைவு உண்மையான வேகத்தைவிட மெதுவாக ஓடும். அதைப் பார்த்து நேரத்தைத் திருத்தினால், நன்றாக இருந்ததைக் கெடுப்பதாக முடியும்.

வட்ட வடிவில் இருக்கும் தானியங்கிப் பதிவுப் பொத்தானைக் கற்கும் காலத்தில் அணைத்தே வையுங்கள் என்பது என் உறுதியான கருத்து. அனுபவமுள்ளவர்களுக்கு அது நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்பது உண்மைதான். ஆனால் தொடக்க நிலையில், பாத்திரத்தை அசைக்க உதவும் ஓர் எலும்பைச் சும்மா அசைத்துப் பார்த்தாலும் அது கீஃப்ரேமாகப் பதிவாகிவிடும். நீங்கள் தீர்மானிக்காத இடைநிலைகள் டைம்லைன் முழுவதும் சிதறிக்கிடக்கும். பிறகு எது வேண்டியது, எது தவறி விழுந்தது என்று உங்களுக்கே தெரியாது. ஆங்கில ஐ எழுத்து விசையை அழுத்திக் கீஃப்ரேம் வைக்கும் ஒவ்வொரு முறையும் அது ஒரு முடிவாக இருக்கட்டும். பிளெண்டர் 4.1 முதல் இந்த விசை பட்டியல் எதையும் காட்டாமல் நேரடியாகப் பதிவு செய்துவிடுகிறது. எந்தச் சேனல்களில் (இருப்பிடம், சுழற்சி, அளவு போன்ற மதிப்புகளில்) பதிவாக வேண்டும் என்று தேர்ந்தெடுக்க விரும்பினால் கே விசையை அழுத்திப் பட்டியலை வரவழைக்கலாம்.

நேரத்தின் நடுவும் தூரத்தின் நடுவும் ஒன்றல்ல

துள்ளும் பந்து என்றதும் பலர் அதை விரைவாகக் கடந்துவிட நினைக்கிறார்கள். இடைநிலைக் கீஃப்ரேமைப் பற்றிக் கற்க வேண்டியவற்றில் பாதி அந்தப் பந்திலேயே இருப்பதால், இங்கே சற்று நிதானமாகச் செல்வோம்.

ஒரு பந்தை உருவாக்கி, அதன் மையப்புள்ளியை அடிப்பகுதிக்கு மாற்றிவிடுங்கள். உயரத்தைத் தரையிலிருந்து நேராகப் படிக்கவும், பிறகு பந்தை நசுக்கும்போது அது தரையை விட்டு எழாமல் இருக்கவும் இது உதவும். செங்குத்தான இசட் அச்சில், 1ஆம் ஃபிரேமில் 1.2 மீட்டர் என்றும் 13ஆம் ஃபிரேமில் 0 என்றும் கீஃப்ரேம் வையுங்கள். புவியீர்ப்பின்கீழ் அரை நொடியில் ஒரு பொருள் ஏறக்குறைய 1.2 மீட்டர் விழும் என்பதால், 24 ஃபிரேம் கணக்கில் 12 ஃபிரேம் இடைவெளி இயற்கைக்குப் பொருந்துகிறது.

இப்போது 7ஆம் ஃபிரேமுக்குச் சென்று பந்தின் உயரத்தைப் பாருங்கள். 0.6 மீட்டர் என்று காட்டும். நேரத்தில் பாதி கடந்துவிட்டது, எனவே தூரத்திலும் பாதி கடந்திருக்க வேண்டும் என்பது மென்பொருளின் கணக்கு. உண்மையில் விழும் பொருள் கடக்கும் தூரம் நேரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. பாதி நேரத்தில் அது மொத்தத் தூரத்தில் கால் பங்கைத்தான் கடந்திருக்கும். அதாவது பந்து இன்னும் 0.9 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மீதி முக்கால் பங்கை எஞ்சிய பாதி நேரத்தில் கடக்கிறது. நேரத்தை நான்கு சமப் பகுதிகளாகப் பிரித்தால், அவற்றில் கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் வளரும். எடை உள்ளதாக ஒரு பொருளைப் பார்ப்பவர் நம்புவதற்கு இந்த விகிதமே காரணம்.

இதை இரண்டு வழிகளில் சரிசெய்யலாம். முதல் வழி, 7ஆம் ஃபிரேமில் உயரத்தை 0.9 ஆக்கி, அந்த ஒரு மதிப்பின்மேல் மட்டும் வலது கிளிக் செய்து இன்சர்ட் சிங்கிள் கீஃப்ரேம் என்பதைத் தேர்ந்தெடுப்பது. இதைச் செய்த பின்னும் பந்து தரையை நெருங்கும்போது மெதுவாவதைக் காண்பீர்கள். தரையைத் தொடும் கீஃப்ரேமின் கைப்பிடி (வளைகோட்டின் வடிவை மாற்றக் கீஃப்ரேமிலிருந்து நீளும் சிறு கோடு), இயல்பாக வரும் ஆட்டோ கிளாம்ப்டு வகையில், கிடைமட்டமாகப் படுத்திருப்பதே அதற்குக் காரணம். அசைவை வளைகோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறந்து அந்தக் கீஃப்ரேமைத் தேர்ந்தெடுத்து, வி விசையை அழுத்தி, வெக்டர் என்று மாற்றுங்கள். இப்போது பந்து தரையில் உண்மையாகவே மோதும்.

இரண்டாவது வழியில் இடைநிலைக் கீஃப்ரேமே தேவைப்படாது. தரையைத் தொடும் கீஃப்ரேமின் கைப்பிடியை ஃப்ரீ வகைக்கு மாற்றி, அதன் இடப்பக்க முனையை 9ஆம் ஃபிரேம், 0.8 மீட்டர் உயரம் என்ற இடத்துக்கு இழுத்துவிடுங்கள். உச்சியிலுள்ள கைப்பிடி கிடைமட்டமாக 5ஆம் ஃபிரேம் வரை நீளட்டும். இந்த அமைப்பில், கைப்பிடிகளால் வடிவம் பெறும் பெசியே வளைகோடு, விழும் பொருளின் உண்மையான வளைகோட்டோடு முழுவதும் ஒன்றிவிடுகிறது. இரண்டு வழிகளையும் செய்து பார்த்து, 4ஆம் ஃபிரேமில் 1.125 மீட்டருக்கு அருகிலும் 10ஆம் ஃபிரேமில் 0.525 மீட்டருக்கு அருகிலும் பந்து இருக்கிறதா எனச் சரிபாருங்கள். ஒரே பயனைக் கீஃப்ரேமாலும் அடையலாம், கைப்பிடியாலும் அடையலாம் என்பதைக் கையால் செய்து உணர்ந்தவர்கள் பிறகு தேவையின்றிக் கீஃப்ரேம்களைக் குவிக்க மாட்டார்கள்.

அடுத்த துள்ளல்களுக்கும் இதே கணக்கு பொருந்தும். ஒவ்வொரு துள்ளலிலும் உயரம் பாதியாகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் பாதியாவதில்லை, ஏறக்குறைய 0.7 மடங்காகத்தான் குறைகிறது. எனவே 13ஆம் ஃபிரேமில் தரையைத் தொட்ட பந்து 0.6 மீட்டர் எழுந்து 30ஆம் ஃபிரேமில் மீண்டும் தொடும், பிறகு 0.3 மீட்டர் எழுந்து 42ஆம் ஃபிரேமில் தொடும். முதல் துள்ளலின் உச்சி கணக்குப்படி 21.5 என்று வருகிறது. கீஃப்ரேமை 22இல் வைத்தால் போதும். இரண்டாவதன் உச்சி 36.

பந்து பக்கவாட்டிலும் நகர்கிறது என்றால், அந்த அச்சில் முதல் ஃபிரேமிலும் கடைசி ஃபிரேமிலும் மட்டுமே கீஃப்ரேம் இருக்க வேண்டும். கோடும் நேர்கோடாக இருக்க வேண்டும், ஏனெனில் முன்னோக்கிய வேகம் துள்ளலால் பெரிதும் மாறுவதில்லை. இருப்பிடத்தின் மூன்று அச்சுகளிலும் சேர்த்துக் கீஃப்ரேம் வைக்கும் பழக்கம் இங்கேதான் கெடுதல் செய்கிறது: உயரத்துக்காக வைத்த இடைநிலை பக்கவாட்டு அசைவிலும் ஒரு தடங்கலை உண்டாக்கும், பந்து ஒவ்வொரு உச்சியிலும் ஒரு கணம் தயங்கித் தயங்கிப் போகும்.

நசுங்கலையும் நீட்சியையும் சேர்ப்பதாக இருந்தால், 12ஆம் ஃபிரேமில் சற்று நீண்ட வடிவம், 13இல் நசுங்கிய வடிவம், உச்சியை அடைவதற்குள் உருண்டை வடிவம் என்று வையுங்கள். நசுங்கலில் உயரம் 0.8 மடங்காகக் குறைந்தால், மற்ற இரு அச்சுகளும் ஏறக்குறைய 1.12 மடங்காகப் பெருக வேண்டும். இல்லையேல் பந்தின் கன அளவு குறைந்து, காற்று இறங்கியதாகத் தெரியும்.

பிரேக்டவுன்: பாதையையும் மனநிலையையும் தீர்மானிக்கும் கீஃப்ரேம்

பந்துக்கு இயற்பியல் விடை சொல்லிவிடுகிறது. கதாபாத்திரத்துக்கு விடை சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். எலும்புகள் பொருத்தப்பட்ட பாத்திரமான ஒரு ரிக்கை எடுத்துக்கொண்டு, 1ஆம் ஃபிரேமில் தலை இடப்பக்கம் பார்ப்பதாகவும் 13ஆம் ஃபிரேமில் வலப்பக்கம் பார்ப்பதாகவும் வையுங்கள். இயக்கினால் தலை ஒரே மட்டத்தில் சுழலும்.

இனி 7ஆம் ஃபிரேமுக்குச் சென்று, முகவாயைச் சற்றுத் தாழ்த்தி ஒரு கீஃப்ரேம் வையுங்கள். தலை இப்போது கீழ்நோக்கிய ஒரு வளைவில் திரும்புகிறது. திரும்புபவர் தாமாக முடிவெடுத்துத் திரும்புவதாகத் தோன்றுகிறது. முகவாயை உயர்த்தி வைத்தால், ஏதோ ஓசை கேட்டுத் திரும்பியவராகவோ கூட்டத்துக்குமேல் ஒருவரைத் தேடுபவராகவோ தெரிவார். தொடக்கமும் முடிவும் மாறவில்லை. நடுவிலுள்ள ஒரே ஒரு கீஃப்ரேம் மாறியதால் அந்த மனிதரின் எண்ணமே மாறிவிட்டது. அனிமேஷனில் எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இதுதான்; ஒரே தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஐந்தாறு வெவ்வேறு பிரேக்டவுன்களை வைத்துத் தனித்தனிக் கோப்புகளாகச் சேமித்து, அருகருகே ஓட்டிப் பார்த்தால், எந்தப் பாடப்புத்தகமும் தராத தெளிவு கிடைக்கும்.

பாதையைத் தீர்மானித்தபின் இடைவெளியைத் தீர்மானிக்க வேண்டும். அந்தப் பிரேக்டவுனை, கீஃப்ரேம்களைப் புள்ளிகளாகக் காட்டும் டோப் ஷீட்டில் ஜி விசையால் 4ஆம் ஃபிரேமுக்கு நகர்த்திப் பாருங்கள்: தலை சட்டென்று கிளம்பி, முடிவு நிலைக்கு மெதுவாக வந்தடையும். 10ஆம் ஃபிரேமுக்கு நகர்த்தினால், தயங்கித் தயங்கிக் கிளம்பி, கடைசியில் விரைந்து முடியும். முன்னது விழிப்பைக் காட்டும், பின்னது மனமின்மையைக் காட்டும். பழைய அனிமேட்டர்கள் தாள் ஓரத்தில் போட்ட குறிகள் செய்த வேலை இதுவே.

கண்களை மறந்துவிடக் கூடாது. மனிதர் ஒன்றைக் கவனித்துத் திரும்பும்போது பெரும்பாலும் கண்மணிகளே முதலில் நகரும். எனவே கண்களின் கீஃப்ரேம்களைத் தலையைவிட இரண்டு மூன்று ஃபிரேம் முன்னதாக வையுங்கள். தலை பாதிவழியில் இருக்கும்போது, அதாவது பிரேக்டவுனுக்கு அருகில், ஒரு கண் சிமிட்டலையும் சேர்க்கலாம்.

பிரேக்டவுனர் கருவியும் அதன் எல்லையும்

ஒவ்வொரு எலும்பையும் கையால் நகர்த்தி இடைநிலையை உருவாக்குவது சிரமமான வேலை என்பதால், பிளெண்டரில் அதற்கென ஒரு கருவி உண்டு. போஸ் மோடில் எலும்புகளைத் தேர்ந்தெடுத்து, இரு கீஃப்ரேம்களுக்கு இடைப்பட்ட ஒரு ஃபிரேமில் நின்றுகொண்டு, ஷிஃப்ட் விசையோடு ஈ விசையை அழுத்துங்கள். மவுஸை இடப்பக்கம் நகர்த்தினால் நிலை முந்தைய கீஃப்ரேமை நெருங்கும். வலப்பக்கம் நகர்த்தினால் பிந்தையதை நெருங்கும். எத்தனை விழுக்காடு என்பது மேலே தெரியும். தானியங்கிப் பதிவு அணைந்திருப்பதால், பொருத்தமான நிலை வந்ததும் ஐ விசையால் கீஃப்ரேம் வைத்துவிட வேண்டும்; வைக்காமல் அடுத்த ஃபிரேமுக்குப் போனால் செய்த வேலை மறைந்துவிடும்.

இந்தக் கருவி தருவது இரண்டு நிலைகளின் கலவை மட்டுமே. எல்லா எலும்புகளையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து 50 விழுக்காட்டில் நிறுத்திப் பதிவு செய்தால், மென்பொருள் தானாகவே நிரப்பியிருக்கக்கூடியதை நீங்கள் உங்கள் கையால் பதிந்து வைத்ததாகத்தான் ஆகும். கருவியைப் பயனுள்ளதாக்குவது, எலும்புகளைப் பகுதி பகுதியாகத் தேர்ந்தெடுத்து வெவ்வேறு அளவில் கலப்பது. ஒரு கை வீசலை எடுத்துக்கொள்வோம். அசைவு தோளில் தொடங்கி, முழங்கைக்கும் பிறகு மணிக்கட்டுக்கும் பரவுகிறது. எனவே நடுவிலுள்ள ஃபிரேமில் மேற்கை எலும்பை 65 விழுக்காட்டிலும், முன்கையை 50இலும், மணிக்கட்டை 25இலும் நிறுத்திப் பாருங்கள். மேற்கை முன்னே சென்றுவிட, மணிக்கட்டு இன்னும் பழைய நிலையை விட்டு வரத் தயங்கும். எண்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தோளுக்கு அதிகம், நுனிக்குக் குறைவு என்ற இறங்குமுகம்தான் முக்கியம்.

கை எந்த முறையில் இயங்குகிறது என்பதையும் கவனியுங்கள். எஃப்கே முறையில் (மூட்டுகளைத் தோளிலிருந்து ஒவ்வொன்றாகச் சுழற்றுவது) மூட்டுகள் சுழல்வதால், கை நுனி இயல்பாகவே வளைவில் செல்லும். ஐகே முறையில் (நுனியை நகர்த்தினால் மற்ற மூட்டுகள் தாமே பின்தொடர்வது) கையின் கட்டுப்பாடு ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு நேர்கோட்டில் நகரும். மனிதக் கை அநேகமாக ஒருபோதும் அப்படி நகர்வதில்லை. ஐகே கைக்கு வைக்கும் பிரேக்டவுனில், கையை அந்த நேர்கோட்டிலிருந்து வெளியே தள்ளி வளைவை நீங்களே உண்டாக்க வேண்டும். மோஷன் பாத் வசதியைப் பயன்படுத்தி அந்த எலும்பின் பாதையைத் திரையில் கோடாக வரவழைத்துப் பாருங்கள். கோட்டில் எங்கே முறிவு தெரிகிறதோ அங்கே கீஃப்ரேமைத் திருத்த வேண்டும்; கோட்டின்மேல் உள்ள புள்ளிகளின் நெருக்கம் வேகத்தைக் காட்டும். நெருக்கமாக இருந்த புள்ளிகள் திடீரென விலகி, மறுபடி நெருங்கினால், அசைவில் ஒரு வெட்டல் இருக்கிறது என்று பொருள்.

நடையில் இடைநிலைகள்

நடைக்கான வழக்கமான அமைப்பு 24 ஃபிரேமில் இரண்டு எட்டுகள் (காலடிகள்). 1ஆம் ஃபிரேமில் ஒரு கால் முன்னே தரையைத் தொடும் நிலை. அதே நிலையைக் கன்ட்ரோல்-சி மூலம் நகலெடுத்து, 13ஆம் ஃபிரேமில் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-வி மூலம் இடவலம் மாற்றி ஒட்டுங்கள். எலும்புப் பெயர்களின் இறுதியில் இட, வலக் குறிகள் இருந்தால்தான் இது வேலை செய்யும். 25ஆம் ஃபிரேமில் முதல் நிலையை அப்படியே ஒட்டுங்கள். சுழற்சியாக ஓட்டும்போது 24ஆம் ஃபிரேமோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 25 என்பது 1இன் மறுபதிப்பு என்பதால், இரண்டையும் காட்டினால் ஒரு சிறு தடுமாற்றம் தெரியும்.

இந்த மூன்று கீஃப்ரேம்களோடு இயக்கினால், ஐகே பாதங்கள் தரையில் உரசியபடியே முன்னும் பின்னும் வழுக்கும். பாதம் எங்கே எழ வேண்டும் என்று நாம் சொல்லவில்லை என்பதே காரணம். 7ஆம் ஃபிரேமில், ஒரு கால் உடலைத் தாங்கி நேராக நிற்க, மற்றக் கால் மடங்கி அதைக் கடந்து செல்லும் நிலையை வையுங்கள். நடையின் பிரேக்டவுன் இதுவே. நடப்பவர் யார் என்பதும் இங்கேதான் முடிவாகிறது. முழங்கால் உயரமாக எழுந்தால் அணிவகுப்பு. பாதம் தரையை விட்டு விலகாமல் இழுபட்டால் களைப்பு. இடுப்பு ஒரு பக்கம் மிகுதியாகச் சாய்ந்தால் கனமான உடல். இந்த ஒரு நிலையில் போதிய நேரம் செலவிடாமல் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

அதன் பிறகே மற்ற இரண்டும். 4ஆம் ஃபிரேமில் உடல் எடை முன்காலில் இறங்கி, முழங்கால் மடங்கி, இடுப்பு மிகத் தாழ்ந்த நிலை. 10ஆம் ஃபிரேமில் பின்காலால் உந்தி எழுந்து, இடுப்பு மிக உயர்ந்த நிலை. இரண்டாவது எட்டுக்கு இவை மூன்றையும் 16, 19, 22ஆம் ஃபிரேம்களில் இடவலம் மாற்றி ஒட்டினால் போதும்.

படிநிலையிலிருந்து வளைகோட்டுக்கு மாறும்போது

நிலைகளைத் தீர்மானிக்கும் கட்டத்தில், எல்லாக் கீஃப்ரேம்களையும் தேர்ந்தெடுத்து டி (T) விசையை அழுத்திக் கான்ஸ்டன்ட் என்று மாற்றிவைப்பது நல்ல முறை. ஒவ்வொரு நிலையும் அடுத்தது வரும்வரை அசையாமல் நிற்கும். மென்பொருள் நிரப்பும் மழமழப்பு உங்கள் நிலைகளின் குறைகளை மறைக்காது. ஆனால் பெசியேவுக்கு மாற்றிய அந்தக் கணத்தில், நன்றாக இருந்த அசைவு முழுவதும் குழைந்துபோனதாகத் தோன்றும்; கற்பவர்கள் பலர் மனம் தளரும் இடமும் இதுவே.

காரணம் எளியது. 1ஆம் ஃபிரேமில் ஒரு நிலையும் 25இல் அடுத்த நிலையும் இருந்தால், கான்ஸ்டன்ட் முறையில் பாத்திரம் 24 ஃபிரேம் வரை நின்றுவிட்டுச் சட்டென மாறும். பெசியே முறையிலோ அது 1ஆம் ஃபிரேமிலிருந்தே மெல்ல மெல்ல நகரத் தொடங்கிவிடும். நிற்க வேண்டும் என்பதும் ஒரு தகவல்தான். அதையும் கீஃப்ரேமாகச் சொல்ல வேண்டும். முதல் நிலையை டோப் ஷீட்டில் ஷிஃப்ட்-டி (D) மூலம் நகலெடுத்து 17ஆம் ஃபிரேமில் வையுங்கள். இப்போது பாத்திரம் 17 வரை நின்று, எட்டு ஃபிரேமில் அடுத்த நிலைக்குச் செல்லும். மாறாத இரு கீஃப்ரேம்களுக்கு இடையே டோப் ஷீட் ஒரு பட்டையைக் காட்டும் என்பதால், எங்கெல்லாம் நிற்கிறது என்பதை ஒரே பார்வையில் அறியலாம். முப்பரிமாணப் பாத்திரம் முற்றிலும் அசையாமல் நின்றால் உயிரற்றுத் தெரியும். ஆகவே 17ஆம் ஃபிரேமில் உள்ள நகலில் தலையையோ தோளையோ மிகச் சிறிதளவு, அந்த நிலை போகும் திசையிலேயே, மேலும் தள்ளிவிடுங்கள்.

சுழற்சிகளில் ஓர் எச்சரிக்கை. எலும்புகள் இயல்பாகக் குவாட்டர்னியன் முறையில் சுழல்கின்றன. அதன் நான்கு சேனல்களும் சேர்ந்தே ஒரு சுழற்சியைக் குறிக்கின்றன. பந்தின் உயரத்துக்குச் செய்ததுபோல் அவற்றில் ஒன்றில் மட்டும் தனிக் கீஃப்ரேம் வைக்கக் கூடாது. 180 பாகைக்கு மேற்பட்ட சுழற்சியில் எலும்பு எந்தப் பக்கமாகத் திரும்ப வேண்டும் என்பதை இரண்டு கீஃப்ரேம்களால் சொல்ல முடியாது. இடையில் ஒன்று கட்டாயம் வேண்டும்.

கீஃப்ரேம்களை வகைப்படுத்துவதும் களைவதும்

டோப் ஷீட்டில் ஆர் விசையை அழுத்தினால், தேர்ந்தெடுத்த கீஃப்ரேம்களைப் பிரேக்டவுன், எக்ஸ்ட்ரீம் (அசைவின் எல்லை நிலை), மூவிங் ஹோல்டு (சிறு அசைவோடு நிற்கும் நிலை) என வகைப்படுத்தலாம். பிளெண்டரில் இது நிறத்தையும் அளவையும் மாற்றும் அடையாளம் மட்டுமே, அசைவை மாற்றாது. மாயாவில் பிரேக்டவுன் என்று குறித்த கீஃப்ரேம், அருகிலுள்ளவற்றை நகர்த்தும்போது தானும் விகிதம் மாறாமல் நகரும். எதுவாயினும் வகைப்படுத்தும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கைக்கொள்ளுங்கள், ஏனெனில் ஒரு மாதம் கழித்துக் கோப்பைத் திறக்கும்போது எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று சொல்ல அந்த நிறங்கள் மட்டுமே இருக்கும்.

வேலை முடிந்ததாகத் தோன்றும்போது கோப்பின் நகலொன்றைச் சேமித்துவிட்டு, பிரேக்டவுன் என்று குறிக்காத இடைநிலைகளை ஒவ்வொன்றாக நீக்கி இயக்கிப் பாருங்கள். நீக்கியபின் அசைவு மாறவில்லையானால் அந்தக் கீஃப்ரேம் தேவையற்றது. அது இருந்தால் பின்னர் நேரத்தை மாற்றும்போது கூடுதலாக ஒன்றையும் சேர்த்து நகர்த்த வேண்டியிருக்கும், வளைகோட்டிலும் சிறு மேடுபள்ளங்கள் உருவாகும். அசைவு மாறியது, ஆனால் கைப்பிடியைச் சற்று நீட்டினால் பழையபடி வந்துவிடுகிறது என்றால், அப்போதும் கீஃப்ரேமை விட்டுவிட்டுக் கைப்பிடியையே பயன்படுத்துங்கள். நீக்கியதும் பாதை மாறுகிறது, பாதம் வழுக்குகிறது, எடை போய்விடுகிறது என்றால் உடனே மீட்டு அதன் இடத்தில் வைத்து, அதையும் பிரேக்டவுன் என்று குறித்துவிடுங்கள். மேல், கீழ் அம்பு விசைகளால் கீஃப்ரேமிலிருந்து கீஃப்ரேமுக்குத் தாவி இந்தச் சோதனையைச் செய்தால், குறுகிய காட்சிக்கு அதிக நேரம் பிடிக்காது. இவ்வாறு களைந்த பின், வியூபோர்ட் ரெண்டர் (வேலைத் திரையில் தெரிவதையே படமாக்கும் வசதி) மூலம் ஒரு காணொளியை எடுத்து, மென்பொருளுக்கு வெளியே சரியான வேகத்தில் ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்த காட்சிக்குச் செல்லுங்கள்.